ஒற்றைத் தென்னைத் திடல்

(படிப்பக ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழாவுக்கு வந்து பேசவேண்டும் என்று கேட்ட தோழர்கள், "அரசியல் பேசுங்கள்" என்றார்கள். அடுத்த மூச்சிலேயே, "ஆப்பிரிக்கா போய் வந்தீர்களாமே, அதையும் சொல்லுங்கள்" என்றார்கள். இரண்டையும் தனித்தனியே பேச இந்த மாலைப் பொழுது போதாது. நான் கண்ட ஊரோ, அரசியலை விலக்கிவிட்டுப் பேசக்கூடிய ஊரும் அல்ல. ஆகவே ஊரைப் பற்றியே பேசுகிறேன். அரசியல் தானாக வந்து சேரும்.

2024 ஆகஸ்டில் டார் எஸ் சலாம் நகருக்குச் சென்றேன். என் தங்கை மகன் அங்கே கணக்கராக இருக்கிறான். பன்னிரண்டு நாட்கள் தங்கினேன். பன்னிரண்டு நாளில் ஒரு நாட்டை அளந்துவிட்டதாகச் சொல்லும் துணிவு எனக்கில்லை. விமான நிலையத்தை மட்டும் கண்டுவிட்டு நூல் எழுதுகிற அறிஞர்கள் இருக்கிறார்கள்; அவர்கள் வேலையை அவர்களுக்கே விட்டுவிடுவோம். கண்ணில் பட்டதையும், பட்டதற்குக் காரணம் தேடிப் பின்னர் படித்ததையும் சொல்கிறேன்.

மும்பையில் விமானம் மாறிப் போய் இறங்கினேன். மருமகன் அனுப்பிய ஓட்டுநர், இருபத்தைந்து வயது இளைஞர், வெளியே காத்திருந்தார். என்னைக் கண்டதும் தலையைச் சற்றுத் தாழ்த்தி, "ஷிக்கமோ" என்றார். நான் கைகூப்பி, "வணக்கம்" என்றேன். அவர் நகரவில்லை. ஏதோ ஒன்றை எதிர்பார்த்து நிற்பதுபோல் நின்றார். பிறகுதான் தெரிந்தது, முதியவன் "மரஹபா" என்று மறுமொழி சொன்னால்தான் அந்த வணக்கம் நிறைவு பெறும் என்பது. "உங்கள் கால்களைப் பற்றுகிறேன்" என்பது அச்சொல்லின் பொருள் என்று கூறுவர். கேட்டதும் எனக்கு நெஞ்சிலே நெருடிற்று. காலில் விழும் பழக்கத்தைக் கண்டித்துப் பேசியே தொண்டை வறண்டவன் நான். ஐயாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்தால் இங்கேயும் காலா என்று எண்ணினேன். ஆனால் அங்கே யாரும் குனியவில்லை, விழவில்லை. சொல் மட்டுமே உண்டு. அந்தச் சொல்லும் பதவியைப் பார்த்து வருவதில்லை, பிறப்பைப் பார்த்து வருவதில்லை. வயதைப் பார்த்து வருகிறது. அதிகாரி ஆனாலும், தன்னைவிட மூத்த மூட்டை தூக்குபவரைக் கண்டால் அவர்தான் முந்திச் சொல்ல வேண்டும் என்பது முறை. முறை எல்லா இடத்திலும் நடக்கிறதா என்று கேட்காதீர்கள். முறை என்று ஒன்று இருப்பதைச் சொன்னேன்.

மறுநாள் ஊர் பார்க்கப் போவதாகத் திட்டம். "இரண்டு மணிக்கு வருகிறேன்" என்று ஓட்டுநர் விடை பெற்றுக்கொண்டார். பகல் உணவுக்குப் பின் புறப்பாடு என்று நான் சாவகாசமாக இருந்தேன். காலை எட்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. முகத்திலே சவர்க்கார நுரையோடு கதவைத் திறந்தால், வாசலில் அவர்! தவறு அவருடையது அல்ல. சுவாகிலி மொழியில் நாள் என்பது விடியலில் தொடங்குகிறது. நம் கடிகாரத்தில் காலை ஏழு மணி என்றால் அங்கே ஒரு மணி. எட்டு என்றால் இரண்டு. நடுப்பகல் ஆறு மணி! நண்பர்களே, இதைக் கேட்டு நான் வியந்தேனே, ஏன் வியந்தேன் என்பதுதான் வெட்கம். நம் பாட்டன் பூட்டன் உதயத்திலிருந்து நாழிகை எண்ணியவர்கள்தாமே? நடு இரவில் நாள் தொடங்குகிறது என்பதை நமக்குச் சொல்லிக் கொடுத்தவன் வெள்ளைக்காரன். நாம் கற்றுக்கொண்டோம், நாழிகையை மறந்தோம். அவர்களும் அவனிடம் கடிகாரத்தை வாங்கிக் கையில் கட்டிக்கொண்டார்கள்; கணக்கை மட்டும் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள்.

விமான நிலையத்திலிருந்து நகருக்குள் செல்லும் நெடுஞ்சாலைக்கு இன்று நைரேரே சாலை என்று பெயர். முன்னாளில் அதன் பெயர் பூகு சாலை. பூகு என்பது நகரிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊர். அங்கே ஒரு பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் ஜூலியஸ் நைரேரே. பள்ளி முடிந்ததும் கட்சிப் பணிக்காக அவ்வளவு தொலைவும் நடந்தே நகருக்கு வருவார் என்பது அந்நாட்டுக் குழந்தைகளும் அறிந்த செய்தி. 1954 ஜூலை 7ஆம் நாள் டானு என்னும் கட்சியைத் தோற்றுவித்தார்கள். மறு ஆண்டு, பள்ளியா கட்சியா என்ற கேள்வி எழுந்தபோது அவர் பள்ளியை விட்டார். ஆனால் ஆசிரியர் என்ற பட்டம் அவரை விடவில்லை. "ம்வாலிமு" என்றால் ஆசிரியர். இன்றும் அந்நாட்டில் அடைமொழி ஏதும் இல்லாமல் ம்வாலிமு என்றால் அவர் ஒருவரே. குளிரூட்டிய காரில் அந்தச் சாலையில் விரைந்த எனக்கு, அது அவர் நடந்த வழி என்பது இரண்டு நாள் கழித்தே தெரிய வந்தது.

சாலையின் இருமருங்கும் நான் கண்டவற்றில் பாதி நம்முடையவை. வேப்ப மரம் நிற்கிறது. நாற்பது நோய் தீர்க்கும் மரம் என்று எண்ணி, நாற்பது என்னும் சொல்லாலேயே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மிதிவண்டியில் இளநீர்க் குலைகளைக் கட்டிக்கொண்டு விற்கிறார்கள். ஒரு வீட்டு முற்றத்தில் ஓர் அம்மையார், தாழ்வான பலகையில் அமர்ந்து, அதன் முனையில் பொருத்திய பல் வைத்த இரும்பில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நம் துருவு பலகையேதான்! அதற்கு அவர்கள் இட்ட பெயர் ஆடு. உண்மையிலேயே ஆடு போலத்தான் நிற்கிறது. தெருவெங்கும் மூன்று சக்கர வண்டி. அதற்குப் பெயர் பஜாஜி. ஓசூரைத் தாயகமாகக் கொண்ட டி.வி.எஸ். வண்டியும் அங்கே ஓடுகிறது. ஆனால் அதையும் பஜாஜி என்றே அழைக்கிறார்கள். நம் ஓசூர்த் தொழிலாளத் தோழர்கள் இதற்காக வருந்த வேண்டாம். முந்தி வந்தவன் பெயரைத் தட்டிச் செல்வது உலக வழக்கம்.

பேச்சிலும் அப்படியே. அரசாங்கத்துக்குச் சுவாகிலியில் "செரிகாலி" என்று பெயர். நம் பெரியவர்கள் சர்க்கார் என்றார்களே, அதே பாரசீகச் சொல். வக்கீல் அங்கே "வக்கீலி". தயார் என்பது "தயாரி". பாக்கி, பாக்கியேதான். நூறாயிரம் "லக்கி". பருவக் காற்றில் பாய் விரித்துச் சென்ற கப்பல்கள் அரேபியாவுக்கும் குஜராத்துக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் நடுவே சரக்கை மட்டுமா கொண்டு சென்றன? சொல்லையும் கொண்டு சென்றன. கடனையும் கொண்டு சென்றன. அடிமைகளையும் கொண்டு சென்றன. கடைசியாகச் சொன்னதை மறந்துவிட்டு அந்தக் கடல் வாணிகத்தைப் போற்றுவோர் உண்டு. அந்த நாட்டார் மறக்கவில்லை.

இனி நகரத்துக்குள் செல்வோம். 1860களில் சான்சிபார் சுல்தான் மஜீத், ம்சிசிமா என்னும் மீனவர் குப்பத்தின் அருகே ஒரு துறைமுகப் பட்டினம் கட்டத் தொடங்கினார். அமைதியின் இல்லம் என்னும் பொருளில் தாருஸ் ஸலாம் என்று பெயரிட்டார். 1887இல் ஜெர்மன் கம்பெனி வந்தது. 1891இல் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் தலைநகர் ஆயிற்று. 1916இல் பிரிட்டிஷார் பிடித்தனர். 1961 டிசம்பர் 9இல் டாங்கனிகா விடுதலை பெற்றது. 1964இல் சான்சிபாருடன் இணைந்து தான்சானியா ஆயிற்று. 1957 மக்கள் கணக்கெடுப்பில் நகரத்தின் மக்கள் தொகை 1,29,000க்குச் சற்றுக் குறைவு. 2022 கணக்கெடுப்பில் 53 இலட்சத்துக்கு மேல்!

என் மருமகன் குடியிருப்பது உப்பாங்கா என்னும் பகுதி. மாலையில் அங்கிருந்து காரியாக்கூ அங்காடிக்கு நடந்து போனோம். குஜராத்திக் கடைகள், மாடி வீடுகள், மசூதிகள், ஒரு கோயில் என்று நெருக்கமாக இருந்த தெருக்கள் திடீரென்று முடிந்தன. எதிரே நீளமான ஒரு வெற்றிடம். மரங்களும் புல்தரையும். அதைக் கடந்தால், மறுபடி நெருக்கம், காரியாக்கூவின் இரைச்சல். நடு நகரத்திலே, நிலத்தின் விலை விண்ணை முட்டும் இடத்திலே, இவ்வளவு பெரிய திடலை எப்படி விட்டு வைத்தார்கள் என்று மருமகனைக் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை, அங்கே ஏழாண்டுகளாக இருக்கிறான். பிழைக்கப் போன பிள்ளை, அவனைக் குறை சொல்லமாட்டேன்.

அந்தத் திடலின் பெயர் ம்னாஸி ம்மோஜா. ஒற்றைத் தென்னை என்று பொருள். அதன் வரலாறு இதுதான். ஆண்டவர்கள் நகரத்தை மூன்று வட்டாரங்களாகப் பிரித்தனர். கடற்காற்று வீசும் நல்ல நிலம் முதல் வட்டாரம்; அங்கே வெள்ளையர். கடைத் தெரு இரண்டாம் வட்டாரம், அங்கே இந்தியர். உள்ளே தள்ளி மூன்றாம் வட்டாரம். அங்கே மண்ணுக்குரிய ஆப்பிரிக்கர். சட்டத்தில் நிறத்தின் பெயர் எழுதப்படவில்லை. இன்ன வட்டாரத்தில் இன்ன வகைக் கட்டிடமே எழுப்பலாம் என்று எழுதினார்கள். ஓலைக் கூரையும் மண் சுவரும் உடையவன் எங்கே போவான் என்பது சொல்லாமலே விளங்கும் அல்லவா? இரண்டாம் வட்டாரத்துக்கும் மூன்றாம் வட்டாரத்துக்கும் இடையே ஒரு வெற்றிடம் வேண்டும் என்றார்கள். எதற்கு? சுகாதாரத்துக்கு! அங்கிருந்து இங்கு நோய் தாவாமல் இருப்பதற்கு!

தோழர்களே, ஊருக்கும் சேரிக்கும் இடையே ஓடையும் வயலும் கிடப்பதை அன்றாடம் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை. அந்தத் திடலின் ஓரத்தில் நின்றபோது, வேற்று நாட்டில் நிற்கிறோம் என்ற எண்ணமே எனக்கு அற்றுப் போயிற்று.

ஆனால் நடந்தது என்ன? பிரித்து வைக்க ஒதுக்கிய நிலமே மக்கள் கூடும் நிலமாயிற்று. டானுவின் பொதுக்கூட்டங்கள் அந்த வெற்றிடத்தில்தான் நடந்தன. அதன் அருகே, இன்று லுமும்பா தெரு எனப்படும் தெருவில்தான் கட்சி தோன்றிய இடம். 1947இல் துறைமுகத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தபோது அது நகரம் முழுவதும் பரவியது. இருப்புப் பாதை வழியே உள்நாட்டுக்கும் பரவியது. அந்தத் தொழிலாளர் மூன்றாம் வட்டாரத்துக்காரர். கட்சிக்கு முன்பே கூட்டம் இருந்தது என்று சொல்ல வேண்டும். இப்போது அந்தத் திடலில் விடுதலை நினைவுத் தூண் நிற்கிறது. அதன் நிழலில் மாணவர்கள் பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் செருப்பைத் தலைக்கு வைத்துக்கொண்டு உறங்கினார்.

காரியாக்கூ என்ற பெயர் எனக்கு ஆப்பிரிக்கப் பெயராகவே ஒலித்தது. அது கேரியர் கோர் என்னும் ஆங்கிலப் பெயரின் திரிபு. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைக்குச் சுமை தூக்கிய ஆப்பிரிக்கர் தங்க வைக்கப்பட்ட இடம் அது. மாடும் குதிரையும் ஈக்கடி நோயால் மடியும் நாட்டிலே, தோட்டாப் பெட்டியை மனிதன் தலையில் ஏற்றினார்கள். பசியாலும் காய்ச்சலாலும் வயிற்றுக் கடுப்பாலும் பல்லாயிரவர் மாண்டனர். பெயர் தெரியாமல் மாண்டனர். நகரின் நடுச் சந்தியில் 1927இல் நிறுவிய வெண்கலச் சிலை ஒன்று உண்டு. துப்பாக்கி முனையை முன்னே நீட்டிப் பாயும் ஆப்பிரிக்கச் சிப்பாய். சுமை தூக்கியவர்களுக்கும் நன்றி சொல்லும் வாசகம் அதன் பீடத்திலே ஆங்கிலத்திலும் அரபியிலும் சுவாகிலியிலும் உள்ளது. அதே சந்தியில் அதற்கு முன் நின்றது, ஜெர்மன் ஆளுநராக இருந்த விஸ்மான் என்பவனின் சிலை. பிரிட்டிஷார் அதைப் பெயர்த்தெடுத்தனர். அது பின்னர் ஜெர்மனி சென்று ஹம்பர்க் பல்கலைக்கழக வாயிலில் நின்றது. 1968இல் அங்கே மாணவர்கள் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்தனர். ஆப்பிரிக்காவில் விழுந்து, ஐரோப்பாவில் எழுந்து, மறுபடி விழுந்த சிலை!

அந்தப் போரில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1914 நவம்பரில், டார் எஸ் சலாமுக்கு வடக்கேயுள்ள டாங்கா துறைமுகத்தைப் பிடிக்க பிரிட்டிஷார் இந்தியாவிலிருந்து படை அனுப்பினர். அதில் ஒரு படைப்பிரிவின் பெயர் 63ஆவது பாளையங்கோட்டை இலகு காலாட்படை. ஆம், நெல்லைச் சீமைப் பாளையங்கோட்டையின் பெயர்தான்! போதிய பயிற்சியில்லை, வாரக் கணக்கில் கப்பலில் கிடந்து நலிந்த உடல், முன்பின் கண்டிராத புதர்க்காடு, எதிரே இயந்திரத் துப்பாக்கி. படை சிதறிற்று. காட்டுத் தேனீக்களும் கலைந்து வந்து கொட்டின. வெள்ளைத் தளபதிகள் தங்கள் தோல்விக்குச் சென்னைப் படையின் மேல் பழி போட்டனர். ஜெர்மன் பக்கம் நின்று சுட்டவர்களிலும் பெரும்பாலோர் ஆப்பிரிக்கச் சிப்பாய்கள். யாருடைய மண்ணுக்காக யார் யாரைச் சுட்டார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த வெண்கலச் சிப்பாயின் கீழே நின்று நான் பாளையங்கோட்டையை நினைத்துக்கொண்டேன் என்றால் அது ஊர்ப்பற்று அல்ல.

இந்தியக் கடைக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இல்லையேல் உண்மையின் பாதியை ஒளித்தவன் ஆவேன். அங்கே நம்மவர் என்று உரிமை கொண்டாடுகிறோமே, அவர்களில் பெரும்பாலோர் குஜராத் வழியினர். வெள்ளையனுக்குக் கீழே, கறுப்பனுக்கு மேலே என்று நடுப்படியில் நிறுத்தப்பட்டவர்கள். நடுப்படியில் நிற்பவனுக்கு மேல்படி கண்ணுக்குத் தெரியும், கீழ்ப்படி காலுக்குத் தெரியும். விடுதலைக்குச் சற்று முன், 1961 அக்டோபரில், குடியுரிமைச் சட்டம் மன்றத்தில் வந்தது. ஆப்பிரிக்கர் அல்லாதாருக்குக் குடியுரிமை ஏன் என்று நைரேரேயின் கட்சிக்காரர்களே எழுந்து கேட்டனர். கைதட்டல் அவர்கள் பக்கம் இருந்தது. நிறத்தைக் கொண்டு குடியுரிமை வகுப்பதாயின் நானும் என் அரசும் விலகுவோம் என்று நைரேரே அறிவித்தார். சட்டம் நிறம் பாராமல் நிறைவேறிற்று. இந்திய வழியினரான அமீர் ஜமால் பின்னாளில் அந்நாட்டின் நிதியமைச்சராகவும் விளங்கினார்.

அதே அரசு 1971இல், ஒரு இலட்சம் ஷில்லிங்குக்கு மேல் மதிப்புள்ள வாடகைக் கட்டிடங்களை எடுத்துக்கொண்டது. சட்டத்தில் நிறம் இல்லை. கட்டிடங்கள் பெரிதும் இந்தியரிடம் இருந்தன. பலர் கப்பல் ஏறினர். மசாலாப் பொருள் விற்கும் முதியவர் ஒருவர், எதிர்ப்புறத்து மாடி வீட்டைக் காட்டி, "அது என் அப்பா கட்டியது" என்றார். கோபம் இருக்கிறதா என்று கேட்டேன். "இருந்தது" என்றார். ஏன் போகவில்லை என்றேன். "எங்கே போவது? எனக்கு ஊர் இது" என்றார். வாடகை வாங்கியவன் கண்ணீரையும், வாடகை கொடுத்தவன் கண்ணீரையும் ஒரே தராசில் நிறுக்க என்னால் இயலவில்லை. இரண்டும் கண்ணீர் என்பதை மட்டும் குறித்து வந்தேன்.

மொழியைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். தான்சானியாவில் நூற்றிருபதுக்கு மேற்பட்ட இனக்குழுக்கள். பொது மொழி சுவாகிலி. "பார்த்தீரா, அங்கே ஒரே மொழியால் ஒன்றானார்கள்" என்று நம்மிடம் வாதாட வருவோர் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது: சுவாகிலியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் கடலோரத்தில் வாழ்ந்த சிறு தொகையினர். பெரிய இனம் எதுவும், இது என் மொழி, நீ கற்றுக்கொள் என்று மற்றவனை மிரட்ட இடமில்லை. வணிகர் வழியாகவும் துறைமுகத்தின் வழியாகவும் அது கட்சி தோன்றுமுன்பே உள்நாடெங்கும் பரவியிருந்தது. ஆட்சிப் பீடத்தில் அமர்ந்த பெரும்பான்மை தன் மொழியைப் பிறர் தலையில் ஏற்றுவது வேறு. எவனுக்கும் சொந்தமாகாததை எல்லோரும் எடுத்துக்கொள்வது வேறு. எனினும் இதற்கும் விலை உண்டு. அந்த மண்ணின் பழங்குடி ஸராமோ மக்கள். அவர்கள் மொழியை நகரத்துத் தெருவில் நான் கேட்கவே இல்லை. தொடக்கப் பள்ளியில் சுவாகிலி; உயர்நிலையில் ஏறியதும் ஆங்கிலம். ஏழை வீட்டுப் பிள்ளை அந்தப் படியில் தடுக்கி விழுகிறது. பணமுள்ளவன் பிள்ளை முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலப் பள்ளிக்கு வாகனத்தில் போகிறது. இதற்கு மேல் நான் சொல்ல வேண்டுமா?

நகரின் தெருப் பெயர்களே ஒரு வரலாற்று நூல். சமோரா, நிக்ருமா, லுமும்பா. விடுதலை இயக்கங்களுக்கு அடைக்கலம் தந்த நகரம் அது. மொசாம்பிக் விடுதலை முன்னணி 1962இல் அங்கேதான் தோன்றியது. அதன் தலைவர் எடுவார்டோ மொண்ட்லேன் 1969இல் அங்கேதான், அஞ்சலில் வந்த வெடிகுண்டால் கொல்லப்பட்டார். உலக வங்கியும் மேலை நாடுகளும் இலாபம் வராது என்று கைவிரித்த சாம்பியா இருப்புப் பாதையை, 1,860 கிலோமீட்டர், சீனம் வட்டியில்லாக் கடன் தந்து 1975இல் முடித்துக் கொடுத்தது. அந்த நிலையம் மிகப் பெரிது. நான் போன பகலில் ஆளரவம் இல்லை.

என்னை நிறுத்திய பெயர் வேறொன்று: பீபி டீட்டி முகமது சாலை. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். பெண்கள் நடனக் குழுவில் முன்பாட்டுப் பாடியவர். 1955இல் கட்சியின் மகளிர் அணிப் பொறுப்பேற்றார். அவர் வீடு வீடாகப் போய்க் கொள்கை விளக்கம் செய்யவில்லை. நடனக் குழுக்களுக்குப் போனார். பாட்டும் கூத்துமாய் இருந்த குழுக்கள் அப்படியே கட்சிக் கிளைகள் ஆயின. ஆயிரக் கணக்கில் பெண்கள் சீட்டு வாங்கினர். ஆண்கள் வேலை போகும் என்று அஞ்சி ஒதுங்கிய நாட்கள் அவை. விடுதலைக்குப் பின் 1967இல், கட்சி விதித்த புதிய கட்டுப்பாட்டை ஏற்க மனமின்றிப் பொறுப்பிலிருந்து விலகினார். 1969இல் தேசத் துரோகக் குற்றச்சாட்டில் கைதானார், ஆயுள் தண்டனை, 1972இல் விடுதலை. பிற்காலத்தில் சாலைக்கு அவர் பெயர்! சிறையில் அடைத்த கையும் பெயர்ப்பலகை நாட்டிய கையும் ஒரே கட்சியின் கை.

அவர் ஏற்காத கட்டுப்பாடு என்ன? 1967 பிப்ரவரி 5ஆம் நாள் அருஷா பிரகடனம் வெளியாயிற்று. வங்கிகளும் பெருந்தொழில்களும் பொதுவுடைமை ஆயின என்பது உலகறிந்தது. அதோடு ஒரு தலைமை விதி இருந்தது. கட்சியிலோ அரசிலோ பொறுப்பில் உள்ளவர் கம்பெனியில் பங்கு வைத்திருக்கக்கூடாது. இயக்குநர் பதவி கூடாது. இரண்டு சம்பளம் கூடாது. வீடு கட்டி வாடகைக்கு விடக்கூடாது. சிரிக்காதீர்கள் தோழர்களே, அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்தார்கள்! அதற்கு முந்திய ஆண்டு, மாணவர்கள் அமைச்சர்களின் ஊதியத்தைச் சுட்டிக்காட்டியபோது, மாணவர்களைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றிய கையோடு, தம் ஊதியத்தில் ஐந்தில் ஒரு பங்கை நைரேரே வெட்டிக்கொண்டார். அதற்கும் முன்னே, விடுதலை பெற்று ஆறே வாரத்தில், 1962 ஜனவரி 22இல், பிரதமர் பதவியை விட்டு விலகி, கட்சியைச் சீர் செய்யக் கிராமங்களுக்குப் போனார். ஆட்சி கிடைத்ததும் கட்சி அலுவலகங்களில் ஆளில்லாமல் போயிற்று என்பதைக் கண்டவர் அவர். அந்த ஆண்டு இறுதியில்தான் குடியரசுத் தலைவராகத் திரும்பினார்.

அவரைத் தெய்வமாக்க நான் வரவில்லை. 1965இல் ஒரே கட்சி என்று சட்டம் செய்தவரும் அவரே. 1973 முதல் சில ஆண்டுகள், சிதறிக் கிடந்த உழவர்களைப் புதுக் கிராமங்களில் குடியேற்றியபோது, போக மறுத்தவர்களின் குடிசைகள் பல இடங்களில் இடிக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. எழுத்தறிவு வளர்ந்தது, களஞ்சியம் வளரவில்லை. 1985இல் தாமாகப் பதவி விலகினார். 1991இல் தலைமை விதியைக் கட்சியே கழற்றி வைத்தது. 1992இல் பல கட்சி முறை வந்தது. அதற்கு அவரும் துணை நின்றார்.

நான் திரும்பிய மறு ஆண்டு, 2025 அக்டோபர் 29இல், அங்கே தேர்தல். முதன்மை எதிர்க்கட்சியின் தலைவர் தேசத் துரோக வழக்கில் சிறையில். அக்கட்சி போட்டியிடவே தடை. ஆளுங்கட்சி 97 விழுக்காட்டுக்கு மேல் பெற்றதாக அறிவித்தார்கள். தெருவில் இறங்கியோர் சுடப்பட்டனர், நகரில் ஊரடங்கு, இணையம் துண்டிப்பு. என் மருமகனோடு ஐந்தாறு நாள் பேச முடியாமல் என் தங்கை இங்கே சோறு இறங்காமல் இருந்தாள். அமைதியின் இல்லத்தில் ஊரடங்கு என்று செய்தி படித்தபோது, எனக்கு அங்கே கண்ட ஒரு திண்ணை நினைவுக்கு வந்தது.

காரியாக்கூவில் பெரிய அங்காடி 2021 ஜூலையில் தீக்கிரையானது. நான் போனபோது அதைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். அதன் பின்புறத் தெரு ஒன்றில், வீட்டோடு சேர்த்துக் கட்டிய திண்ணை, பராசா என்பார்கள். மாலையில் ஏழெட்டு முதியவர்கள் அமர்ந்திருந்தனர். அடியில் கரித்தணல் வைத்த செம்புக் கூஜாவிலிருந்து ஒருவர் சின்னஞ்சிறு கிண்ணங்களில் கடுங்காப்பி ஊற்றிக் கொடுத்தார். கடித்துக்கொள்ளக் கஷாட்டா, நம் கடலை மிட்டாயின் உடன்பிறந்தது. பேச்சு அரசியல். ஓட்டுநர் மொழிபெயர்த்தார்.

நான் கட்சிக்காரன் என்று தெரிந்ததும் இடம் விட்டார்கள். ஒரு பெரியவர், டானு இளைஞர் அணியில் இருந்தவர், 1961இல் பன்னிரண்டு வயது, தகப்பனார் தோளைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனவர், என்னைப் பார்த்துக் கேட்டார்: "அந்நாளில் நாங்கள் ஒருவரை ஒருவர் ண்டுகு என்போம். தலைவரும் ண்டுகு, கொடி பிடிப்பவனும் ண்டுகு. பின்னாளில் மன்றத்துக்குப் போனவர்கள் ம்ஹெஷிமிவா ஆனார்கள். உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள்?"

ண்டுகு என்றால் என்ன என்று ஓட்டுநரைக் கேட்டேன். கூடப் பிறந்தவர் என்றார். ம்ஹெஷிமிவா? மதிப்புக்குரியவர், மாட்சிமை உடையவர் என்றார்.

நம் சொல்லைச் சொன்னேன். "உடன்பிறப்பு." பெரியவர் சொல்லிப் பார்த்தார். உடன் வந்தது, பிறப்பு வரவில்லை. றகரம் அவர் நாவில் நிற்க மறுத்தது. ஓட்டுநரிடம் செய்தித்தாளின் ஓரத்தில் எழுதி வாங்கிக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றியபடி, "அமைச்சர் ஆனபின் அவரை எப்படி அழைப்பீர்கள்?" என்றார்.

அதையும் சொன்னேன். ஓட்டுநர் மொழிபெயர்த்ததும் திண்ணை முழுவதும் சிரித்தது. காப்பிக்காரர் என் கிண்ணத்தை மறுபடி நிரப்பினார்.